சோளக் குடோனில் நாலு ஞாயிறு

கள்ளக்குறிச்சி
28.3.2025

செவ்வந்திக்கு,

அண்ணி எழுதுறேன். என் பேரைப் பார்த்தா கவரைப் பிரிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் அனுப்புநர் இடத்துல உங்க அண்ணன் பேரைப் போட்டேன். பிரிச்சிட்டே இல்ல, முழுசா படிச்சு முடி.

நீ என் போனை எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. என் லாரி எடை மேடை திறப்பு விழாவுக்கு உன் குழுவோட வந்தே. பாதியில வயலினைப் பெட்டியில வச்சுக்கினு பஸ் ஏறிட்டே. நீங்க வாசிச்சிக்கினு இருக்கும்போது நான் மைக்கை வாங்கி, "லாரி வந்துடுச்சு, வழி விடுங்க"ன்னு சொன்னது உனக்கு அவமானம். எனக்கு அது போணி. புது எடை மேடையில முதல் லோடு ஏற வரும்போது, பாட்டு முடியட்டும்னு நிறுத்தி வைக்கிற வியாபாரி இந்த ஜில்லாவுலயே கிடையாது. எனக்கு அதுல அன்னிக்கும் வருத்தமில்லை, இன்னிக்கும் இல்லை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க நாலு பேர் குழு கலையப் போவுதுன்னு உன் அண்ணன் சொன்னார். அந்த ஆளுயர வயலின் வாசிக்கிற பகலவனுக்கு தோஹாவுல ஒரு ஓட்டல்ல வாசிக்கிற வேலை வந்திருக்காம். சென்னையில உங்களுக்கு மேடை தர ஆளில்லையாம். ரெக்கார்டிங்குக்குப் போனா நாள் பூரா வாசிச்சும் படத்துல அரை நிமிஷம்தான் வருதாம். இதைச் சொல்லும்போது மனுஷன் கண்ணைத் துடைச்சிக்கினார். எனக்குக் கண்ணைத் துடைக்க வராது. இடத்தைக் காட்ட வரும்.

சங்கராபுரம் ரோட்டுல இருக்குற என் மக்காச்சோளக் குடோன் காலியாயிடுச்சு. அடுத்த சரக்கு வர்ற வரைக்கும் எலிதான் அதுல கச்சேரி பண்ணும். மே மாசம் நாலு ஞாயித்துக்கிழமையும் சாயங்காலத்துல நீங்க வாசிங்க. பள்ளிக்கூடம் லீவு, வயல்ல வேலை கம்மி, ஜனம் டிவியில பார்த்ததையே பார்த்துக்கினு கிடக்கு. இந்த ஊர்ல திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, இதை விட்டா நாலு பேர் கூடி உக்கார ஒரு காரணம் கிடையாது. நாம ஒண்ணை உண்டாக்குவோமே!

இந்த யோசனை வந்ததுலேருந்து எனக்குக் கால் தரையில நிக்கல. சரியா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

அம்சவள்ளி

*

வளசரவாக்கம், சென்னை
3.4.2025

அண்ணிக்கு,

"முடியாது" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை ஒத்திகையில் படித்துக் காட்டியது என் தப்பு. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எலிக்குக் கிடைக்கிற மரியாதை நமக்கும் கிடைக்கட்டும், போகலாம்" என்றார் பகலவன்.

நிலைமையை நேராகச் சொல்லிவிடுகிறேன். தோஹாக்காரர்களுக்கு அவர் மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவர் போனால் குழு முடிந்தது. கல்லூரியிலிருந்து ஒன்றாக வாசிக்கிறோம். நீங்கள் ஆளுயர வயலின் என்கிறீர்களே, அந்தச் செல்லோவுக்கு இன்னொருவரைத் தேடி மறுபடி முதலிலிருந்து தொடங்க எங்களில் யாருக்கும் தெம்பில்லை. "நம்மை உட்கார்ந்து கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், நான் போக மாட்டேன்" என்கிறார். அந்த ஒன்று கள்ளக்குறிச்சி சோளக் குடோனாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தும் வருகிறோம்.

நிபந்தனைகள். மைக் கூடாது. இது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை, ஒரு கூடத்துக்குள் அடங்க வேண்டியது. பொன்னாடை கூடாது. வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் கூடாது. எல்லாவற்றையும் எழுத்தில் பேசுவோம். போனில் பேசினால் பத்து நிமிடத்தில் என்னை மடக்கிவிடுவீர்கள்.

செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
8.4.2025

செவ்வந்திக்கு,

மைக் இல்லாம கச்சேரியா? மைக் செட்டு சின்னக்கண்ணுகிட்ட சொன்னேன். அந்தாளு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாக்கா, சாவு வூட்லயே நாலு குழாய் கட்டுறாங்க, நீ சும்மா வாசிக்கச் சொல்றியே, ஊர் சிரிக்காதா?"ன்னான். எனக்கும் அதே பயம்தான்.

அதனால சோதிச்சுப் பார்த்துட்டேன். உன் அண்ணனைக் குடோனுக்கு அந்தக் கோடியில நிக்க வச்சு, பேப்பரைத் தன் பாட்டுக்குப் படிக்கச் சொன்னேன். இந்தக் கோடியில நான். கல்யாணம் ஆனதுலேருந்து அவர் பேசி எனக்கு இவ்வளவு தெளிவா கேட்டதில்லை! ஆனா ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவை கேட்டுச்சு. சுவத்துல பூராவும் கோணிச் சாக்கை ஆணியடிச்சுத் தொங்கவிட்டேன். எதிரொலி போச்சு. கொஞ்சம் சோள வாசனை வரும், பொறுத்துக்கோ.

உன் நிபந்தனை எல்லாம் சரி. ஆள் சேர்க்கிறதை மட்டும் எங்கிட்ட விட்டுடு. அதுல நீ தலையிடக் கூடாது. இது என் நிபந்தனை.

அம்சவள்ளி

*

கள்ளக்குறிச்சி
24.4.2025

செவ்வந்திக்கு,

நம்பிக்கையில்லைன்னு எழுதினியே, வந்து பார். நோட்டீஸ் அடிச்சா டீக்கடையில பஜ்ஜி மடிப்பான். வாட்சப்புல போட்டா கும்பிடு பொம்மை அனுப்பிட்டு மறந்துடுவான். அதனால நானும் உன் அண்ணனும் காரை எடுத்துக்கினு திருக்கோவிலூர், சங்கராபுரம், எலவனாசூர்கோட்டைன்னு ஒரு சுத்து சுத்திட்டோம். வெத்தலை பாக்கு, பூ, பழம், பத்திரிக்கை எல்லாம் தட்டுல வச்சு வூடு வூடா நேர்ல அழைப்பு. தட்டு வச்சு அழைச்சா வராம இருக்க முடியுமா?

உரக்கடை பச்சமுத்து தட்டை வாங்கிக்கினு, "இன்னா அம்சவள்ளி, பொண்ணுக்கா பையனுக்கா?"ன்னார்.

"யாருக்கும் இல்லண்ணே. வயலின் கச்சேரி."

"அது தெரியுது. யார் கல்யாணத்துல?"

"கச்சேரி மட்டும்தாண்ணே."

"சரி சரி, சொல்ல இஷ்டமில்லன்னா வுடு"ன்னுட்டு உள்ளே போயிட்டார். அவருக்கு எப்பவும் குசும்பு ஜாஸ்தி.

முன்வரிசைக்குப் பெரிய மனுஷங்க உக்கார வெல்வெட் சோபா சொல்லிட்டேன். மத்தவங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. நீங்க நாலு பேரும் ஞாயித்துக்கிழமை மதியமே வந்துடுங்க. எனக்கு இப்பவே கை பரபரங்குது.

அம்சவள்ளி

*

வளசரவாக்கம், சென்னை
5.5.2025

அண்ணிக்கு,

நேற்று நீங்கள் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

கூட்டம் வந்தது. உண்மை. நாற்காலி போதவில்லை. பட்டுப்புடவை, மல்லிகைச் சரம், கையில் கவர். நாங்கள் தொடங்கியதும் எல்லாரும் எழுந்தார்கள். போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. வரிசை கட்டினார்கள்! ஒவ்வொரு குடும்பமாக எங்களிடம் வந்து, வில் பிடித்திருக்கிற கையில் மொய்க் கவரைத் திணித்து, எங்களுக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று போட்டோக்காரர் என் தாடையைத் திருப்பினார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன், அண்ணி!

பச்சமுத்து பகலவனின் தோளில் கை போட்டு, "மாப்பிள்ளை நீங்கதானா? இம்மாம் பெரிய வயலினைத் தூக்கிக்கினு எப்படி குடும்பம் நடத்துவீங்க?" என்று கேட்டார். அவர் மனைவி ரங்கம்மாள், "பந்தி எங்க போட்டிருக்காங்கன்னு கேளுய்யா" என்று பின்னாலிருந்து இடித்தார். பந்தி இல்லை என்று தெரிந்ததும் பாதிக் கூட்டம் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

தட்டு வைத்து அழைத்தால் கல்யாணத்துக்கு வருகிற மாதிரிதானே வருவார்கள்? இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

திரும்பும் வழியில் வேனில் பகலவன் ஒருமுறை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு எடுத்தவர் சிரிக்கிற சிரிப்பு. கவர்களை எல்லாம் உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
7.5.2025

செவ்வந்திக்கு,

படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல கல்லாவுல இருந்த பொண்ணு தண்ணி எடுத்துக்கினு ஓடி வந்துடுச்சு. கோவிச்சுக்காதே. வேற இன்னா பண்ணச் சொல்றே?

கவரைத் திருப்பிக் குடுக்கப் போனேன். முதல் வூட்லயே கதவை முகத்துல சாத்தாத குறை. "மொய்யைத் திருப்பறியே, உறவு வாணாங்கிறியா?"ன்னு கேட்டாங்க. நியாயம்தானே. மொய்யை எவனும் திருப்ப மாட்டான். மொய்க்கு மொய் செய்வான்.

அங்க நின்னப்பதான் எனக்குப் பளிச்சுனு அடிச்சுது. நேரா பிரஸ்ஸுக்குப் போய் டிக்கெட் அடிச்சேன். மொய் எழுதினவங்க ஒவ்வொருத்தருக்கும் மிச்சமிருக்கிற மூணு ஞாயித்துக்கிழமைக்கும் டிக்கெட். "இது நான் திருப்பிச் செய்யுற மொய். வந்து உக்காந்து கேட்டாத்தான் கணக்கு தீரும்"னு சொல்லிக் குடுத்தேன். இப்ப அவங்க விருந்தாளி இல்லை, காசு குடுத்து வர்ற கிராக்கி. காசு குடுத்தவன் சரக்கை வாங்காம போவ மாட்டான். இது நான் தலையில கூடை தூக்கி வித்த நாள்லேருந்து பார்த்தது.

பந்தி கிடையாது, போட்டோ கிடையாது, நடுவுல யாரும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு டிக்கெட்லயே அச்சு. 11ஆம் தேதி வா. பகலவன் தம்பியையும் இழுத்துக்கினு வா.

அம்சவள்ளி

*

வளசரவாக்கம், சென்னை
12.5.2025

அண்ணிக்கு,

டிக்கெட்டோடு வந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், இது நீங்கள் செய்தது.

ஆனால் எங்கே உட்கார்ந்தார்கள்? எல்லாரும் கடைசியில், சுவரோரம், ஃபேனுக்குக் கீழே. எங்களுக்கு முன்னால் உங்கள் வெல்வெட் சோபாக்கள், வராத பெரிய மனிதர்களுக்காகக் காலியாக. அதற்கும் பின்னால் வெறும் சிமென்ட் தரை. சோபாக்களுக்கு வாசித்துவிட்டு வந்தோம். அந்தத் தூரத்தில் இந்த இசை போய்ச் சேராது. கேட்டவர்களுக்கு ஏதோ பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்று. மெதுவான பகுதியில் ஓர் இடத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துவோம். அந்த நொடியில் நீங்கள் எழுந்து, "ஏன் நிறுத்திட்டீங்க? இன்னா வேணும்? எல்லாரும் கை தட்டுங்க!" என்றீர்கள். எல்லாரும் தட்டினார்கள். பகலவன் வில்லை மடியில் போட்டுவிட்டார்.

அண்ணி, உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு நீங்கள் குடோனுக்குள் இருக்கக் கூடாது. இதற்குச் சம்மதித்தால் வருகிறோம்.

செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
14.5.2025

செவ்வந்திக்கு,

என் குடோன்ல நான் இருக்கக் கூடாது.

ரெண்டு தடவை படிச்சேன். கோவம் வந்துச்சு, மறைக்கல. அப்புறம் யோசிச்சேன். நெல்லு ஏலத்துல யாராவது நடுவுல பூந்து பேசினா நான் சும்மா விடுவேனா? விட மாட்டேன். உன் ஏலத்துல நீ சொல்றதுதான்.

18ஆம் தேதி நான் கல்வராயன் மலைக்குப் போறேன். வெள்ளிமலையில புளி பார்க்கிற வேலை இருக்கு. திரும்ப ராத்திரி ஆயிடும். சாவி உன் அண்ணன்கிட்ட. சோபாவை மட்டும் எடுக்கச் சொல்லாதே. அழைச்ச பெரிய மனுஷன் ஒருத்தர் திடீர்னு வந்து நின்னா நான் எங்க உக்கார வைக்கிறது? எனக்கு இந்த ஊர்ல வியாபாரம் பண்ணணும்.

நல்லா இருந்தா எழுது. நாசமா போனாலும் எழுது.

அம்சவள்ளி

*

வளசரவாக்கம், சென்னை
19.5.2025

அண்ணி, அண்ணி, அண்ணி,

நீங்கள் ஏன் அங்கே இல்லை! நான்தான் வர வேண்டாம் என்றேன். என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

கேளுங்கள். தொடங்கும்போது போன வாரம் மாதிரியேதான். சுவரோரம் ஜனம், நடுவில் சோபா. இரண்டாவது உருப்படியில் இருந்தோம். கோடை மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கம் உங்களுக்கும் பெய்திருக்கும். தகரக் கூரை மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி. கரண்டும் போய்விட்டது. நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. வில்லை இறக்கினோம். அவ்வளவுதான், முடிந்தது என்று பகலவன் பெட்டியைப் பார்த்தார்.

அப்போது பச்சமுத்து எழுந்து கத்தினார். "ஏம்மா! ஒண்ணும் காதுல வுழல! மொய் எழுதி டிக்கெட்டு வாங்கியிருக்கேன். கேக்காமயே வூட்டுக்குப் போவச் சொல்றியா?" சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சோபாவை முழங்காலால் ஒரு தள்ளு. செல்லோவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ரங்கம்மாள் பின்னாலேயே ஓடி வந்து, "யோவ், அவர் கையை இடிச்சிடாத, தள்ளி உக்காரு" என்று அதட்டிவிட்டு, தானும் இன்னொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு ஒரே இரைச்சல். எல்லாரும் நாற்காலியைத் தூக்கினார்கள். சோபாக்களை நாலு பேர் சேர்ந்து சுவரோரம் உருட்டினார்கள். அண்ணன்தான் முதல் கை கொடுத்தார், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். எங்களைச் சுற்றி வட்டம் வட்டமாக, முன்னால் இருந்தவர்கள் தரையிலேயே. வில்லை முழுதாக இழுத்தால் யார் தலையிலாவது படும். ஷட்டர் வழியாக வந்த மழை வெளிச்சம் மட்டும்.

"முதல்லேருந்து வாசிங்க. பாதியிலேருந்து எனக்கு வாணாம்" என்றார் பச்சமுத்து.

முதலிலிருந்து வாசித்தோம். மழையோடு மல்லுக்கட்டி வாசித்தோம். அவர்கள் எங்கள் பக்கம் குனிந்து குனிந்து கேட்டார்கள். நடுவில் மழை சட்டென்று விட்டது. அண்ணி, அந்த நொடியில் எங்கள் சத்தம் தனியாக எழுந்து நின்றது. இப்போது எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு நாற்காலி நகரவில்லை. அந்த நிறுத்தம் வருகிற இடத்தில் ரங்கம்மாள் என்னைப் பார்த்து ரகசியமாக, "முடிஞ்சிருச்சா?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். உதட்டில் விரலை வைத்துப் பின்னால் இருந்தவர்களை முறைத்தார்.

வேனில் திண்டிவனம் வரை பகலவன் வாய் மூடவில்லை. அந்த இடத்தை இன்னும் மெதுவாக எடுக்கலாம், இந்த இடத்தில் இன்னும் சன்னமாக என்று பேச்சு. ஆனால் தோஹாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. மாதம் முடியப் போகிறது.

25ஆம் தேதி நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். வாசலில் இல்லை. உள்ளே, எங்கள் பக்கத்தில்.

செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
26.5.2025

செவ்வந்திக்கு,

நேத்து நீ வேன்ல ஏறின பின்னாடி நடந்ததை உனக்குச் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு. எனக்கு அந்தப் பாட்டு புரிஞ்சுதான்னு கேக்காதே. பகலவன் தம்பி அடித்தந்தியில வில்லை இழுத்தப்ப என் நாற்காலி முதுகு அதிர்ந்துச்சு. அது என் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. இத்தனை வருஷமா எத்தனையோ லாரி, மிஷின் பக்கத்துல நின்னிருக்கேன். எதுவும் அப்படி அதிர்ந்ததில்லை. வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன், பார்த்தே இல்ல? வாயைத் திறக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.

டிக்கெட் இல்லாம வெளியில நின்னவங்களைப் பார்த்தியா? எலவனாசூர்கோட்டையிலேருந்து ஒரு வேன் வந்துச்சு, அதுல பாதிப் பேருக்கு ஷட்டர் வாசப்படிதான் கிடைச்சுது. சின்னக்கண்ணு ஒரு ஓரமா நின்னு கேட்டுட்டு, "மைக்கு வச்சிருந்தா கெட்டிருக்கும்க்கா"ன்னு சொல்லிட்டுப் போறான்! தன் பொழப்பைத் தானே கெடுத்துக்கறான்.

சரி, விஷயம். நீங்க மூணு பேரும் ஏறி உக்காந்துட்டீங்க. பகலவன் தம்பி எதையோ மறந்த மாதிரி திரும்பி உள்ளே வந்தார். மறக்கல. எங்கிட்ட வந்தார்.

"அக்கா, அடுத்த வருஷம் இந்த இடம் கிடைக்குமா?"

"ஏப்ரல்லேருந்து காலி தம்பி. ஜூன் வரைக்கும் ஒரு மூட்டை உள்ளே வர விட மாட்டேன்."

"நிச்சயமா?"

"என் வாய் வார்த்தையை நம்பி லோடு லோடா சரக்கு வருது. உங்களுக்கு மட்டும் சந்தேகமா?"

அவர் கொஞ்ச நேரம் குடோனைச் சுத்திப் பார்த்தார். நாற்காலி எல்லாம் இன்னும் வட்டமாவே கிடந்துச்சு. அப்புறம் போனை எடுத்துக்கினு சாக்கு தொங்குற சுவரோரமா ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன், கேக்குற தூரத்துக்கு. எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனா "சாரி, ஐ ஆம் நாட் கமிங்"னு ஒருத்தன் சொன்னா எந்த வியாபாரிக்கும் புரியும். ரெண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கம் சம்பளத்தை ஏத்திச் சொன்னாங்க போல. இவர் இறங்கி வரல.

வச்சுட்டுத் திரும்பினா நான் நிக்கிறேன். வெட்கப்பட்டுட்டார். "புதன்கிழமை ஒத்திகையில நானே செவ்வந்திகிட்ட சொல்றேன். அதுவரைக்கும் நீங்க சொல்லாதீங்கக்கா"ன்னார். தலையை ஆட்டினேன். ஆட்டினதோட சரி. இந்த மாதிரி சரக்கை மூணு நாள் தேக்கி வைக்க என்னால முடியாது.

கொரியர் கடை ஷட்டரைத் தூக்கும்போதே குடுத்துடுறேன், செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துடும். கதவைச் சாத்திக்கினு நல்லா ஒரு தடவை கத்திடு. புதன்கிழமை அவர் சொல்லும்போது முகத்தை மட்டும் புதுசா கேக்குற மாதிரி வச்சுக்கோ.

அம்சவள்ளி